மஸ்டரில் வைத்த பெயர்

என் மகளுக்கு ஊமை என்று பெயர் வைத்தது நீங்கள்தான், ரைட்டர் ஐயா. இல்லை என்று சொல்ல வேண்டாம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பி எஸ்டேட்டில் காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். அதற்கு மஸ்டர் என்று பெயர். ஆள்கணக்கு நோட்டைப் பார்த்து நீங்கள் கூப்பிட, "வந்துட்டேனுங்க" என்றால்தான் அன்றைக்கு வேலை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக் கூப்பிடுவீர்கள். என் பெயர்க்காரி இன்னொருத்தி இருந்தாள். அவளுக்கு முன்பல் இல்லை, அதனால் 'ஓட்டப்பல்லு'. எனக்கு என்ன வைப்பது என்று பார்த்த உங்கள் கண்ணில் என் இடுப்பிலிருந்த மகள் பட்டாள். இரண்டு வயது தாண்டியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. 'ஊமப்புள்ள' என்று கூப்பிட்டீர்கள். நானும் "வந்துட்டேனுங்க" என்றேன். தினமும் சொன்னேன். வேலை வேண்டுமே.

வசம்பு இழைத்து அவள் நாக்கில் தடவினேன். என் விரலைக் கடித்ததுதான் மிச்சம். சேலத்து டாக்டர், காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்றார். என் கணவர், "நீ பேசற பேச்சுல அவளுக்கு எடம் எங்க கெடைக்குது?" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் சோறுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது. நான் உப்பு எடுக்க ஓடினேன். பின்னால் "போ" என்று குரல் கேட்டது. அட்டை நகரவில்லை. "போங்க" என்றாள். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். அட்டை வயிறு நிறையக் குடித்தது.

அப்புறம் வாயை மூடவே இல்லை. குரங்கைப் பார்த்தால் "வாங்க". கோழியிடம் "சாப்டீங்களா". அடுப்பிடம் "நொம்ப சுடறீங்க". வெளிக்கிருந்து முடித்தால் கழுவிவிட ஆள் வேண்டி "வந்துட்டேனுங்க" என்று கத்துவாள். மஸ்டரில் படித்த படிப்பு.

ஒருநாள் பனிமூட்டத்தில் உங்கள் பைக் கிளம்பவில்லை. அரை மணி கழித்துக் குரங்குக் குல்லாவோடு நடந்து வந்தீர்கள். இடுப்பிலிருந்து என் மகள் கையை நீட்டி, "லேட்டு. ஊட்டுக்குப் போங்க" என்றாள்.

ஓட்டப்பல்லு சிரித்த சிரிப்பில் காப்பிச் செடியே ஆடியிருக்கும்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?" என்றீர்கள்.

"நீங்கதானுங்க. தெனமும் எங்களப் பாத்துக் கத்தறீங்களே" என்றேன்.

நீங்கள் நோட்டைப் பிரித்தீர்கள். என் முறை வந்ததும், வேண்டுமென்றே, "ஊமப்புள்ள" என்றீர்கள்.

நான் வாய் திறப்பதற்குள் என் மகள் சொன்னாள்: "வந்துட்டேனுங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. நான் சொன்னது சோற்றுக்காக. அவள் சொன்னது அது தன் பெயர் என்று நினைத்து. இத்தனை நாள் பதில் சொல்லிச் சொல்லி அதைப் பழக்கியது நான். வைத்தது நீங்கள். அவள் பேசாமலே இருந்திருந்தாலும் அது பெயர் கிடையாது.

இனி அந்தப் பெயருக்கு என் வீட்டிலிருந்து யாரும் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மஸ்டரில், வரிசை முழுக்க நிற்கும்போது, குல்லாவைக் கழற்றிவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள்: யாரைக் கேட்டு வைத்தீர்கள்?