சீட்டு விட்டுக் கொடுக்காத டீச்சர்

கிளேபாங் பஸ் கண்டக்டர் இருளாண்டி, ஒரு ஆளு படியில கால் வைக்கிறதைப் பாத்தே வீட்டுல பொண்டாட்டியோட சண்டையா இல்லையான்னு சொல்லிடுவாரு. பதினெட்டு வருஷ சர்வீஸ். மலாக்கா ஜனத்துல பாதிப் பேரு அவருக்கு மனப்பாடம். மீதிப் பாதி மோட்டார் சைக்கிள்ல போறவங்க.

தொண்ணூத்தி மூணுல தம்பி குகன் கொலை கேசுல மாட்டிக்கிட்டான். சாப்பாட்டுக் கடையில அடிதடி, ஒருத்தன் செத்துட்டான். விலக்கிவிடத்தான் போனேன்னு குகன் அழுதான். அண்ணன் நம்புனாரு. அப்பல்லாம் கொலை கேசுக்கு ஏழு பேரு ஜூரி. அஞ்சு பேரு குத்தவாளின்னு சொன்னா தூக்குதான். நாலு பேருன்னா தீர்ப்பு செல்லாது.

"ஜூரியில வேணாங்கிற ஆளை நாம தள்ளிவிடலாம். ஆனா யாரு எப்படின்னு எனக்கெப்படித் தெரியும்?"ன்னாரு குகனோட லாயர் கணேசமூர்த்தி.

"எல்லாம் நம்ம பஸ்ஸுல வர்றவங்கதான் லா, சார். நான் மூக்கைச் சொறிஞ்சா தள்ளிடுங்க."

"நெஜமாவே அரிச்சா?"

"தம்பி உசுரு சார். மூக்குல தேளு ஏறுனாலும் கை தூக்க மாட்டேன்."

கோர்ட்டுல மொதல்ல வந்தது தெங்கேரா சீன டீச்சர். இருளாண்டிக்கு ஆளைத் தெரியும். போன மாசம் ஒரு கிழவர் நிக்கிறாரு, பஸ்ஸே கத்துது, இந்தம்மா மட்டும் எந்திரிக்கல, ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்துச்சு. கல்லு நெஞ்சு! மூக்குத் தோலு உரியுற மாதிரி சொறிஞ்சாரு. டீச்சர் போயிருச்சு.

அடுத்து குருபோங் ஃபேக்டரி கிளார்க் கோகுலராஜ். நம்ம பையன். பஸ்ஸுல யாரு நின்னாலும் "உக்காருங்க ஆன்ட்டி"ன்னு எந்திரிச்சு நிப்பான், அவன் உக்காந்து வந்த நாளை விரல்ல எண்ணிடலாம். இருளாண்டி கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டாரு. மூக்கு பக்கமே போகல.

ஆறு நாள் கேசு. தீர்ப்பு அஞ்சுக்கு ரெண்டு. குத்தவாளி. தூக்கு.

அடுத்த மாசம் கோகுலராஜ் பஸ் ஏறுனான். இருளாண்டியைப் பாத்ததும் முகம் செத்துப் போச்சு.

"அண்ணே... மன்னிச்சிருங்கண்ணே. ஜூரியில நான் ஒருத்தன்தான் தமிழன். நான் என்ன சொல்லப் போறேன்னு எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. நம்ம ஆளுன்னு காப்பாத்துறான்னு சொல்லிடுவாங்களேன்னு..."

இருளாண்டி டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்தாரு, அவன் போயி உக்காந்தான். அடுத்த ஸ்டாப்புல ஒரு மாக்சி, வயசான மலாய்க்காரம்மா, ஏறுச்சு. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. கோகுலராஜ் சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு டக்குன்னு எந்திரிச்சான்.

அப்பத்தான் இருளாண்டி மண்டையில விழுந்துச்சு. ஊரு பாக்குதேன்னுதான் இவன் எந்திரிக்கிறான். பதினெட்டு வருஷமா ஆளுங்க எந்திரிக்கிறதைப் பாத்தாரே தவிர, அவங்க கண்ணைப் பாக்கல.

தெங்கேராவுல டீச்சர் ஏறுச்சு. காலியான ஒரே சீட்டுல உக்காந்துச்சு. ரெண்டு ஸ்டாப்பு தள்ளி ஒரு கிழவி ஏறவும் பஸ்ஸு கத்த ஆரம்பிச்சுச்சு. டீச்சர் ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் சத்தத்துக்கும் அசையல.

"ஏன்யா கண்டக்டர், நீயாவது எழுப்பேன்!"

"உக்காரட்டும், விடுங்க"ன்னாரு இருளாண்டி. கை தானா மூக்குக்குப் போச்சு.

சனிக்கிழமை காஜாங் ஜெயிலுக்குப் போகணும். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து குகன் வாரா வாரம் ஒரே கேள்விதான் கேப்பான்:

"எல்லாம் நீ பாத்து எடுத்த ஆளுங்கதானே அண்ணே?"