நூற்று எழுபத்து நான்கில் ஓடிய நெஞ்சு

நான் வேலை பார்த்த கிலாங்கில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மூன்று முறை செத்திருக்கிறேன். முதல் முறை, டுரியான் பழத்தை வயிறு முட்டத் தின்றபிறகுதான் சற்று முன்பு பீர் குடித்தது ஞாபகம் வந்தது. இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் ஆள் காலி என்று பினாங்கில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுத்து ஐந்து மணிவரை சாவுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை, கம்பெனி பஸ்தான் வந்தது. ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டாவது முறை வெறும் வாய்வு. மூன்றாவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் நிஜமாகவே ஒருவர் சாகக் கிடந்தார். அது நான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தீவின் தெற்கே, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்யும் கிலாங் ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். வயது நாற்பத்து நான்கு. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். என் வாழ்க்கையில் உடற்பயிற்சி என்று இருந்தது அந்தப் படிக்கட்டு மட்டும்தான். அப்படிப்பட்டவன் கிலாங்கின் தீயணைப்புக் குழுவில் எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். பயிற்சி நாளில் குழுவுக்கு மட்டும் சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வரும். மீன் தலைக் கறி, வெண்டைக்காய், குழம்பு தனியாக. வேறு காரணம் இல்லை.

குழுத் தலைவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், நல்ல உயரம், கதவு அளவுக்கு அகலம். கிலாங்கில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருமே அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கவேண்டிய பொம்மையை, அதாவது ஆள் எடைக்கு மணல் அடைத்த பொம்மையை, ஒற்றைக் கையில் இழுத்து வருவார். பயிற்சியில் இருவர் இருவராக உள்ளே போகவேண்டும். எனக்கு ஜோடி அவர். என்னோடு போக வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்டு.

பயிற்சிக்கூடம் என்பது கிலாங்குக்குப் பின்னால் ஒட்டி வைத்த இரண்டு கப்பல் கண்டெய்னர்கள். வெயிலில் கிடக்கும் இரும்பு. உள்ளே மேடைக் கச்சேரிக்கு விடும் புகையை விடுவார்கள். தீ கிடையாது, ஆனால் பகல் இரண்டு மணிக்கு அதற்குள் தனியாகத் தீ எதற்கு? கனத்த கோட்டு, முழங்கால் பூட்ஸ், தலைக்கவசம், முதுகில் சிலிண்டர். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் கிடக்கும் பொம்மையை வெளியே கொண்டுவரவேண்டும்.

முந்தின பயிற்சியில் ஒரு இளைஞன் உள்ளேயே மயங்கி விழுந்திருந்தான். கிலாங் கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி அதைச் சும்மா விடவில்லை. மிஸ்ஸி என்றால் நர்ஸ். தமிழ்ப் பெண், முப்பது வயது, ஊசியைவிட பேச்சு கூர்மை. மேலிடத்தோடு சண்டை போட்டு இரண்டு செட் கருவி வாங்கினாள். கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று, அதை ஈரப்படுத்தி வெறும் நெஞ்சில் கட்டவேண்டும். அது இதயத் துடிப்பைப் பிடித்து, கம்பி எதுவும் இல்லாமல், கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். கடிகாரத்தில் எண் ஓடும்.

"நூத்தி அறுபதத் தாண்டிச்சின்னா கடிகாரம் கத்தும். கத்தினா உடனே வெளிய வந்துடணும். வீரம் காட்ட வேணாம்," என்றாள் மிஸ்ஸி. "சூட்டுல ஒடம்பு கெட்டுப் போறது மொதல்ல நெஞ்சுலதான் தெரியும். ஆளுக்குத் தெரியாது."

"ஆளுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று முதல் பயிற்சி நாள்வரை ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன விதத்தில், எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடக்கப்போகிறது என்றே மனைவி நினைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தாள். இங்கே கோயில்களில் விபூதியைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். "பாக்கெட்ல வெச்சுக்குங்க. எடுத்துடாதீங்க," என்றாள்.

பயிற்சியின் விதியோ வேறு: சட்டைப்பையில் சாவி, சில்லறை, சீப்பு எதுவும் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் கோட்டுப் போடவேண்டும். விபூதியைத் தட்டில் போட மனம் வரவில்லை. பட்டையைக் கட்டும்போது, பையை மடித்து, இதயம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை தடவிப் பார்த்து, சரியாக அதன்மேல் பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டேன். சாமிக்கும் இதயத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மட்டும்தான். நல்ல யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அண்ணனும் கட்டிக்கொண்டார். கடிகாரத்தை மட்டும் மேலே கட்டாமல் கோட்டுக் கைக்கு உள்ளே தள்ளிவிட்டார்.

"ஏண்ணே உள்ள வைக்கிறீங்க?"

"புதுசு லா. செவுத்துல ஒரசினா கீறல் விழுந்துரும். மிஸ்ஸி என்னத்தான் திட்டும்."

நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தோம். மிஸ்ஸி வந்து என் கடிகாரத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. குறித்துக்கொண்டாள். அவரைப் பார்த்து, "ஒங்களோடது?" என்றாள். கோட்டை விலக்கிப் பார்த்து அவரும் தொண்ணூற்றாறு என்றார். "ரெண்டு பேருக்கும் நெஞ்சு ஒண்ணாத் துடிக்குது. ஜோடின்னா இதான் ஜோடி," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பிறகு மன்னிக்கவே இல்லை, என்னையும் சரி, தன்னையும் சரி.

உள்ளே போனோம். அண்ணன் முன்னால், நான் அவர் முதுகை ஒட்டிப் பின்னால், குழாய் இருவர் கையிலும். புகையில் என் மூக்கே எனக்குத் தெரியவில்லை. பளிச்சென்று தெரிந்தது கடிகாரம் மட்டும், அதற்கு விளக்குப் பொத்தான் உண்டு. இரண்டடிக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்தாறு. நூற்று ஐம்பத்தொன்று.

விசித்திரம் என்னவென்றால், எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. வியர்வை கொட்டியது, அவ்வளவுதான். மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. பாரத்தில் முக்கால்வாசியை அண்ணன் இழுத்தார், நான் குழாயைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனேன். ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் என்னைக் கொன்றது. ஆளுக்குத் தெரியாது என்று மிஸ்ஸி சொன்னாளே. எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் முற்றிவிட்டது.

கடிகாரம் கத்த ஆரம்பித்தது. நூற்று அறுபத்து மூன்று.

"அண்ணே, எனக்கு ஏறுது!"

"என்னா ஏறுது?"

"நெஞ்சு! நூத்தி அறுபத்தி மூணு!"

"வாய மூடிட்டு இழு. பொம்ம வந்துருச்சு."

அவர் குரல் கொழகொழவென்று இருந்தது. கள் குடித்தவர் பேசுவதுபோல. அதை நான் கேட்டேன். காதில் விழுந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் சாகிறவன் நான் அல்லவா, அவர் குரலைப் பற்றி யோசிக்க எனக்கு எங்கே நேரம்? கடிகாரம் நூற்று எழுபத்து நான்கு காட்டியது. குழாயைக் கீழே போட்டேன். ஜோடியை விட்டுவிட்டு வருவது முதல் குற்றம் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்வார்கள். நான் திரும்பிச் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினேன்.

நாலைந்து எட்டு வைத்திருப்பேன். கத்தல் நின்றது. பொத்தானை அமுக்கிப் பார்த்தேன்.

பூஜ்யம்.

இதயம் நின்ற பிறகும் மனிதன் எவ்வளவு தூரம் ஓடமுடியும் என்று மருத்துவர்களுக்குத் தெரியுமோ தெரியாது. நான் ஓடியது பதினைந்தடி. வாசலுக்கு வந்து, வெயிலில், தார்த் தரையில் மல்லாந்து விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து வைத்திருப்பது அந்த நிலைமைக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ விசிறினார்கள். யாரோ தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"நூத்தி நாலு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, எழுந்திரிங்க."

"மிஸ்ஸி, பூஜ்யம்! கடிகாரத்தப் பாருங்க!"

"பூஜ்யமா இருந்தா பேசுவீங்களா?"

"மொதல்ல நூத்தி எழுபத்தி நாலு. அப்பறம் நின்னுபோச்சு!"

கோட்டுப் பொத்தான்களைப் பிய்த்துத் திறந்தாள். பட்டையைத் தூக்கினாள். விபூதிப் பை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் என்னையும் ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பிளாஸ்டிக் இருக்கும்வரை என் பட்டை எதையும் பிடித்திருக்காது, எதையும் அனுப்பியிருக்காது. அந்தக் காலத்துக் கருவிக்கு ஆள் அடையாளம் தெரியாது. பக்கத்தில் எந்தப் பட்டை இருக்கிறதோ அதன் துடிப்பைக் கடிகாரம் வாங்கிக் காட்டும். இதெல்லாம் அவள் எனக்குப் பிறகு விளக்கிச் சொன்னது. அப்போது அவள் சொன்னது இரண்டே வார்த்தை.

"அண்ணே எங்க?"

அண்ணன் இன்னும் உள்ளே இருந்தார். அவரைப் பார்க்கப் போயிருக்கவேண்டிய நான்கு பேரும் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸி கோட்டு இல்லாமல், கவசம் இல்லாமல் உள்ளே ஓடினாள். இரண்டு பேர் பின்னால் ஓடினார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத இத்தனை வருடமாக முயற்சி செய்கிறேன், வரவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது அவர் நடந்துதான் வந்தார், இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருக்க. முகம் செங்கல் நிறம். "எந்த ஷிஃப்ட்டுடா இது?" என்று கேட்டார். பிறகு, "பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டியாரணும், நேரமாச்சு," என்று என்னைத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தார். அவருடைய பாப்பா கல்யாணமாகி ஈப்போவில் இருந்தாள். இரண்டடி போய் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல இருந்தது.

"கோட்ட வெட்டு! தண்ணி! ஐஸ் எங்க?" என்று மிஸ்ஸி கத்தினாள்.

தண்ணீருக்குக் குழாய் இருந்தது. ஐஸ் இருந்தது ஒரே இடத்தில்: பயிற்சி முடிந்து குடிப்பதற்காகக் கேன்டீனிலிருந்து வந்த பெரிய பீப்பாயில், ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டுங்கில். நானும் இன்னொருவனும் அதைத் தூக்கி வந்து அப்படியே அவர்மேல் கவிழ்த்தோம். கைக்கு அகப்பட்ட ஐஸை அக்குளிலும் கழுத்திலும் அழுத்திப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை குழாய்த் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தோம். விறைத்துப்போன கையை நான் எடுக்கவில்லை. என்னால் அப்போது செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வண்டியில் ஏற்றும்போது, "யார்ரா எம்மேல பண்டுங்க ஊத்துனது?" என்றார். மிஸ்ஸி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் கொஞ்சம் பயம் காட்டிவிட்டு அடங்கியது. மூன்றாம் நாள் நானும் மனைவியும் பார்க்கப் போனோம். அவர் வீட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் அன்னிக்கு வெளிய ஓடியாந்து சொல்லலன்னா, தம்பி..." என்று அழுதார். கிலாங்கில் கதை அப்படித்தான் பரவியிருந்தது: ஜோடியின் துடிப்பு ஏறியதைப் பார்த்து நான் உதவிக்கு ஓடி வந்தேனாம். யாரும் அதைத் திருத்தவில்லை. நானும்தான்.

மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். சும்மா இருந்திருந்தால் அந்தப் பெருமையில் ஒரு வருடம் காலம் தள்ளியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, விபூதிப் பை முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரல் கொழகொழத்ததைக் கேட்டும் விட்டுவிட்டு வந்ததையும் சொன்னேன். என் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டார்.

அண்ணன் கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்ப எந்நெஞ்சப் பாத்துத்தான் நீ பயந்தியா?"

"ஆமாண்ணே."

"நா பயந்திருக்கணும் லா," என்றார். "கை மரத்துப்போச்சு. கண்ணு இருட்டிச்சு. கோட்டுக்குள்ள அது கத்துனது கேட்டுச்சுடா. ஒரு கிளார்க்கு முன்னாடி எப்படி வெளிய வர்றது?"

மேசையில் இருந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். பாதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இனி அந்தக் கோட்டைப் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று பூட்ஸையும் கவசத்தையும் அவரே கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து மிஸ்ஸியின் மேசைமேல் வைத்தார். குழுவை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. அடுத்த பயிற்சிக்கு மிஸ்ஸி புது ஏற்பாடு செய்தாள்: உள்ளே போகிற ஒவ்வொருவரையும் முதலில் தனியாக நிறுத்திப் பட்டையைச் சோதிக்கவேண்டும், யாரும் பத்து நிமிடத்துக்குமேல் இருக்கக்கூடாது. நேரம் பார்க்கும் வேலை அண்ணனுக்கு. வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கடிகாரத்தோடு, ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மாதிரி உட்கார்ந்தார்.

பத்தாவது நிமிடம், "நேரமாச்சு, எல்லாரும் வெளிய வாங்கடா!" என்று கண்டெய்னர் அதிரக் கத்தினார்.

"நா எட்டாவது நிமிஷமே வந்துட்டேண்ணே," என்றேன், அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

"ஒஞ்ஜோடி எங்கடா?"

என்னோடு வெளியே இழுத்து வந்திருந்த என் புது ஜோடிப் பையனைக் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன். என்னால் பொம்மையை உள்ளேயே விட்டுவிட்டு வரவேண்டியதாகிவிட்ட கோபத்தில் அவன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.