மிளகாய் அரைத்தது யாருக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் மீது ஆறாத மனக்குறை இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார்கள். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைப்பார்கள். விழுதை நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தால் கெடுதல் செய்தவர் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் பஸ் ஏறியபோது எனக்கு எட்டு வயது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் அம்மா உண்டாகியிருந்தாள். கிணறு வற்றித் தென்னைகள் காய்ந்து நின்ற வருஷம் அது. பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "ஒருத்தனுக்கே தண்ணி பத்தல. நாலு ஏக்கராவ ரெண்டாப் பிரிச்சா ஆளுக்கு என்னத்தப் பண்ணுவானுங்க? ஒண்ணு போதும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "சரிங்க" என்றாள் அம்மா. எங்கள் வீட்டுப் பெண்கள் பெரியப்பாவிடம் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுவாரம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தம்பி வரமாட்டான் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

கோயிலில் அம்மா வரமிளகாயை ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தாள். நெடியில் என் கண்ணில் நீர் கொட்டியது. அவள் தன் கண்ணைத் துடைக்கவே இல்லை.

"ஆருக்குங்மா அரைக்கறீங்க?"

அம்மா விழுதை வழித்தெடுத்து நீதிக்கல்லில் பூசினாள். அப்பாவுக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். பெரியப்பாவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் ஒருநாளும் எனக்கு மிட்டாய் வாங்கித் தந்ததில்லை.

அன்று முதல் அப்பா இருமினாலே ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். குழம்பு காரம் என்று அவர் தண்ணீர் கேட்டால் சோற்றை விட்டுவிட்டுச் சொம்போடு வந்து நிற்பேன். கிணற்றில் சேறு அள்ள அவர் இறங்கப் போன காலையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"சேறு அள்ளத்தான சாமி போறேன்" என்று சிரித்தபடி கயிற்றைப் பிடித்து இறங்கினார். அவர் தலை மறைந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மன்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடுங்மா! அப்பா செத்துருவாரு!"

அம்மா திகைத்துப் போனாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அப்பாவுக்கில்ல கண்ணு. எனக்குத்தான் அரைச்சேன். அவங்க கேட்டப்ப நான்தான சரிங்கன்னேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிணற்றடிக்கு ஓடினேன். சேறும் சகதியுமாக அப்பா மேலே ஏறி வந்தபோது கைதட்டிக் குதித்தேன்.

நாலு ஏக்கரும் பங்கு பிரியாமல் இன்று என் பேரில் இருக்கிறது. தன் உடம்பு எரியட்டும் என்று வேண்டிக்கொண்டதைத்தான் அம்மா அன்று என்னிடம் சொன்னாள். எனக்கு அது நல்ல செய்தியாக மட்டுமே கேட்டது.