பிகோனியாவைக் காப்பாற்றியவர்கள்

தோட்டக்கார வேலையில் பூச்சிக்கு மருந்து உண்டு, மனுசருக்குத்தான் கிடையாது. கோவையில் ஒரு பழைய பூங்காவின் கண்ணாடி வீட்டில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அந்தக் காலத்துச் செடிகளில் கடைசியாக மிஞ்சியது, இலையெல்லாம் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரே ஒரு பிகோனியாத் தொட்டி. பொதுச் சொத்துக்குக் காவல் இருக்கும் சக பாவிகளே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கைப்பை

பல்லடத்திலிருந்து வந்த ஓர் அம்மா அந்தத் தொட்டி முன்னால் நின்று வெகுநேரம் ரசித்தார். அவர் நகர்ந்ததும் பார்த்தால் இரண்டு இலையைக் காணோம். கைப்பை ஜிப்புக்கு வெளியே காம்பு எட்டிப் பார்த்தது. "கேட்டிருந்தால் நாற்றங்காலில் வேறு செடி கொடுத்திருப்பேனே" என்றேன். அவருக்குக் கூச்சமே இல்லை.

"கேட்டு வாங்குனா புடிக்காதுங்ணா. திருடி வெச்சாத்தானுங்க தழையும்."

கல்யாண போட்டோ

நிச்சயமான ஜோடி ஒன்று படமெடுக்க வந்தது. தொட்டி மறைக்கிறதென்று போட்டோகிராபர் அதைத் தூக்கி வெளியே சித்திரை வெயிலில் வைத்துவிட்டார். பின்பக்கம் மருந்தடிக்கப் போன நான் திரும்பி வருவதற்குள் இலைகள் அப்பளமாகிவிட்டன. தொட்டியை அவசரமாக உள்ளே தூக்கி வந்தேன். மாப்பிள்ளை தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

"டென்ஷன் ஆகாதீங்ணா, தண்ணி ஊத்துனா எந்திரிச்சுக்கும்."

மனு

எழுந்தது மூன்றே இலை. பிகோனியாவில் ஓர் இலையை வெட்டி ஈர மணலில் வைத்தால் போதும், குட்டிச் செடி வந்துவிடும். ஆனால் இது பதிவேட்டில் ஏறிய செடி. அனுமதி இல்லாமல் கத்தி வைக்கக்கூடாது. மனு கொடுத்தேன், நேரில் போயும் கெஞ்சினேன். ஆபீஸ் கிளார்க் பேனாவை மூடி வைத்தார்.

"பதிவேட்டுல ஒண்ணுதானுங்க இருக்குது. ரெண்டாயிப்போட்டா இன்ஸ்பெக்‌ஷன்ல யாருங்க பதில் சொல்றது?"

பத்திரம்

மனு எப்படியோ மேலே போய், அதிகாரியே வந்தார். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு மனுசனுக்காவது புரிந்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் டிரைவரைக் கூப்பிட்டுத் தொட்டியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். "இங்க இருந்தா கண்டவனும் கிள்ளிப்போடுவானுங்க, நம்மூட்டுல பத்திரமா இருக்கட்டுங்க" என்றார்.

அவர் வீட்டு ஏசி ஹாலில் அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மண் மட்டும் இருந்த தொட்டியை டிரைவர் கொண்டுவந்து இறக்கினார்.

"ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாருங்ணா, இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா?"

பதினெட்டு வருஷத்தில் அந்தச் செடியிலிருந்து ஓர் இலைகூடத் திருடாத யோக்கியன் நான் ஒருவன்தான். அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.