கைகொடுத்த பிறகும் ஆடிய ஆட்டம்

ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. நான் வென்றால் கேடயம் எனக்கு. சமனில் முடிந்தால் எதிரே இருந்த அக்காவுக்கு. பூண்டுலோயாவில் மருந்துக்கடை நடத்துகிறவர். நான் டீச்சர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நாங்கள் ஒருவரையொருவர் எளிதில் ஜெயிக்க விட்டதில்லை.

என் ஏழு மாத மகளுக்கு முந்தின நாள்வரை காய்ச்சல். டிக்கோயாவில் கணவரிடம் விட்டு வந்திருந்தேன். போனை நடுவர் வாங்கி வைத்துவிட்டதால் வீட்டு நிலவரம் தெரியவில்லை. மூன்று மணி நேர ஆட்டத்தில் ஆளுக்கொரு கோட்டையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஜெயிக்கலாம் என்றே தோன்றியது.

அப்போது சன்னலுக்கு வெளியே கணவர் நின்றார். அவர் தோளில் மகளின் தலை துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். காயை நகர்த்திவிட்டு, "ட்ரோ வச்சுக்குவோமா அக்கா?" என்றேன். அவர் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகொடுத்தார்.

வெளியே ஓடினேன்.

"மறுபடியும் காய்ச்சலாங்க?"

"அதெல்லாம் விட்டுருச்சு. புட்டிப்பாலத் துப்பித் துப்பி அழுதா. தூக்கிட்டு வந்தேன், பஸ்ஸுல ஏறுனதும் தூங்கிட்டா. நீ ஜெயிச்சிட்டியா?"

மகளை வாங்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பின்னாலேயே வந்திருந்த அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மொதல்ல புள்ளைக்குப் பால் குடுங்க டீச்சர். பலகைய அப்படியே வச்சிருக்கேன்," என்றார்.

பால் கொடுத்துவிட்டு வந்து அதே இடத்திலிருந்து ஆடினேன். சமன். வேறு வழியில் முயன்றேன். அதுவும் சமன். மூன்றாவது தடவை அவர் என் காய்களின் பக்கம் உட்கார்ந்து, என் கூடுதல் சிப்பாயை வைத்துக்கொண்டு என்னை ஜெயிக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

"உங்க பஸ்ஸு போயிருச்சே அக்கா."

"அடுத்தது வரும். இத இப்படியே விட்டா நீங்க ஒரு வருசத்துக்கு இதையே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க."

உண்மைதான். பயத்தில் வெற்றியைக் கைநழுவ விட்டேனோ என்று என்னையே குடைந்துகொண்டிருந்திருப்பேன். மகள்மேல்கூட மனதின் ஒரு மூலையில் வருத்தம் தங்கியிருக்கும். வாயால் ஆறுதல் சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன். அது தெரிந்துதான், கேடயம் கையில் வந்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த நகர்வுகளை நான் மறுபடி சரிபார்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.