தெளிவு மூன்று, வலு ஒன்று

ஊரில் உள்ள உயரமான கட்டடங்களை எல்லோரும் வெளியிலிருந்து பார்த்திருப்பார்கள். லிஃப்ட்காரர் அவற்றை உள்ளிருந்து பார்த்தவர். கிரீஸ் பூசிய கம்பிகளுக்கு நடுவே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த இருட்டுக் குழிகளுக்குள் நின்றே அவருடைய பாதி ஆயுள் போய்விட்டது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் மணியை அடிப்பார்கள், பிறகு கதவை அடிப்பார்கள், கடைசியில் கடவுளைக் கூப்பிடுவார்கள். "இருங்க, வந்துட்டேன்" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டதும்தான் அவர்களுக்குப் போன உயிர் திரும்பும். அந்தக் குரல் இவருடையது. முகம் தெரியாத ஆளிடம் குரலாலேயே பழகுவது அவருக்குக் கைவந்த கலை. அதனால்தானோ என்னவோ, அமெச்சூர் வானொலி அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது.

பரீட்சை எழுதி உரிமம் வாங்கினார். மொட்டை மாடியில் மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டினார். சாமான் அறையில் வானொலிப் பெட்டியை வைத்து, லீவு நாளென்றால் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கடல் தாண்டி எங்கோ ஒரு ஆள் அங்கே மழையா வெயிலா என்று சொல்வார். இவரும் இங்கே மழையா வெயிலா என்று சொல்வார். அவ்வளவுதான் பேச்சு.

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க, உலகத்தோட கடைசியில இருக்கிறவனை நலம் விசாரிப்பீங்க" என்பாள் மனைவி. துணி காயப்போடக் கொடி கட்டித் தரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். ஒருநாள் ஆன்டெனாக் கம்பியிலேயே ஈரப் போர்வையைப் போட்டுவிட்டாள். அன்று முழுக்க உலகம் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்டது.

இந்தப் பைத்தியத்தை அவர் தன் சகலைக்கும் ஒட்டவைத்தார். சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் மாமியாருக்கே மாத்திரை கொடுக்காத மனுஷன். சமையல் எப்படி என்று மனைவி கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். அந்த யோசனையாலேயே பல நாள் அவருக்குச் சாப்பாடு தாமதமாகியிருக்கிறது.

இருவரும் ஒரே கிளப்பில் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை வெட்டவெளிப் போட்டி நடக்கும். கிளப்புகள் எல்லாம் வீட்டை விட்டு வெளியே வந்து, மரத்தடியிலோ மலைமேலோ கூடாரம் போட்டு, பேட்டரியை மட்டும் நம்பி, முடிந்தவரை நிறைய நிலையங்களோடு தொடர்பு கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொடர்புக்கும் இரண்டு தரப்புக்கும் புள்ளி உண்டு. சுவரில் செருகும் கரண்டை மட்டும் தொடக்கூடாது. பேசுவது பெரிதாக ஒன்றும் இருக்காது. 'உங்கள் குரல் எனக்கு இப்படிக் கேட்கிறது' என்று இரண்டு எண்கள் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை. போட்டி என்று வந்துவிட்டால் யாருக்கு அளந்து பார்க்க நேரம்? காது கிழியக் கேட்டாலும், கொசு மாதிரி கேட்டாலும், உலகம் முழுக்க எல்லோரும் "ஐந்து, ஒன்பது" என்று ஒப்பிப்பதுதான் வழக்கம். சகலை ஒருவர்தான் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டு, "தெளிவு நான்கு, வலு ஆறு" என்று நியாயம் வழங்குவார். எதிர்முனையில் இருக்கும் ஆள் மிரண்டு போவார். கிளப்பில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்த நியாயம்தான் ஒருநாள் வீட்டுக்குள் வந்து வெடித்தது. அந்த வருடம் அவர்கள் முதலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வயர் இணைப்பு அறுந்தது. லிஃப்ட்காரர் ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்த காவலாளியின் அறையில் சால்டரிங் அயர்னைச் செருகி, கண்மூடித் திறப்பதற்குள் பற்றவைத்து எடுத்து வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சகலை கைதட்டவில்லை. போட்டி நடத்துபவர்களுக்குப் புள்ளிக்கணக்கை அனுப்பும்போது, 'இடையில் ஒரு முறை சுவர்க் கரண்டு பயன்படுத்தப்பட்டது' என்று தன் கைப்பட எழுதிச் சேர்த்துவிட்டார். முடிவு வந்தபோது பட்டியலில் கிளப்பின் பெயரே இல்லை.

"அயர்னைத்தானடா செருகினேன், ரேடியோவையா செருகினேன்?" என்று லிஃப்ட்காரர் குதித்தார்.

"விதியில கரண்டுன்னுதான் அண்ணே இருக்கு. எதுக்குன்னு இல்லை" என்றார் சகலை.

கிளப் இரண்டாக உடைந்தது. பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வந்த போட்டிகளில் ஒரு கிளப் கூப்பிட்டால் மற்ற கிளப் காதில் வாங்காது. சும்மா கிடைக்கும் புள்ளியை இரண்டு பக்கமும் வீம்புக்காக விட்டுக்கொடுத்தார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் எதுவுமே நடக்காதது போல ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வருடம் போட்டிக்கு அடுத்த மாதம் சகலையின் மகளுக்குக் கல்யாணம். தாயும் மகளும் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். சகலை வரவில்லை. கடையில் ஆள் இல்லையாம்.

"அவன் வாயால கூப்பிடட்டும், வரேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"பெரியப்பா இல்லாம அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமா? வாய் கூசாம சொல்றீங்களே" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சின்ன வயதில் இவர் தோள்மேல் உட்கார்ந்துகொண்டுதான் மரக்கிளையில் ஆன்டெனாக் கயிற்றை வீசுவாள். 'உன் கல்யாணத்துக்கு மைக்கும் லைட்டும் பெரியப்பாதான்' என்று அப்போதே சொல்லி வைத்திருந்தார். போகாமல் இருக்கப்போகிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் பத்திரிகையை எடுத்து இன்னொரு முறை படிப்பார். ஆனாலும் வீம்பு, வீம்புதான்.

போட்டி நாள் காலையில் இவருடைய கிளப் ஏரிக்கரைப் பூங்காவில் கடை விரித்தது. கிளப் என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை. இவர், எதற்கெடுத்தாலும் கோபப்படும் பேக்கரிக்காரர், தொடர்புகளைக் கணினியில் பதிய கோர்ட் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர். ஃபிளாஸ்கோடும் பாயோடும் கூட வந்த மனைவி. ஏரிக்கு எதிர்க்கரையில் தண்ணீர்த்தொட்டி மேட்டில் சகலையின் கிளப் கம்பம் நட்டிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

லிஃப்ட்காரர் ஆன்டெனாவை ஏற்றிக் கட்டி, மீட்டரைப் பார்த்தார். அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் அது. எப்படிக் கட்டினாலும் முள் கொஞ்சமாவது எழும்பும். அன்று முள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"என் சர்வீஸ்லயே இப்படி ஒரு ஆன்டெனா கட்டினதில்ல" என்று அவர் நிமிர்ந்து நின்றார். பேக்கரிக்காரர் ஃபோட்டோகூட எடுத்துக்கொண்டார்.

கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் இல்லை. தொண்டை வறளக் கூப்பிட்டார்கள். யாரும் இல்லை. காது கொடுத்துக் கேட்டால் உலகமே காலி செய்துகொண்டு போய்விட்டது போல ஒரு அமைதி. அந்த அமைதிக்கு நடுவே ஒரே ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அது சகலையின் குரல். "தெளிவு நான்கு, வலு ஐந்து. நன்றி" என்று யாருக்கோ நியாயம் வழங்கிக்கொண்டிருந்தது.

"சூரியன்ல ஏதோ கோளாறு" என்றார் லிஃப்ட்காரர்.

"அவங்களுக்கு மட்டும் வேற சூரியனா?" என்றார் பேக்கரிக்காரர்.

"அவங்க மேட்டுல இருக்காங்க."

ஆன்டெனாவை இறக்கினார்கள், ஏற்றினார்கள். மரத்தை மாற்றினார்கள். முள் மட்டும் அதே அழகோடு படுத்துக் கிடந்தது. மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி, "இங்க ஒரு டப்பா சுடுதுங்க" என்றாள்.

"வெயில்டி."

"நிழல்ல எங்கேருந்துங்க வெயில்?"

அவர் காதில் அது ஏறவில்லை. மதியமாகியும் டைப்பிஸ்ட் அம்மாவின் திரையில் ஒரு வரிகூட விழவில்லை. கைவிரலைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கத் தெரியாத அம்மா, மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு புள்ளிகூட இல்லாமல் கிளப் வீடு திரும்பினால் ஊரே சிரிக்கும்.

மனைவிதான் மெல்ல ஆரம்பித்தாள். "உலகத்துல உங்களுக்குக் கேட்கிறது அந்த ஒரு குரல்தான். அதுக்குப் பதில் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

லிஃப்ட்காரர் டைப்பிஸ்ட் அம்மாவின் காலித் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, சகலையின் நிலையத்தைக் கூப்பிட்டார்.

எதிர்ப்பக்கம் சத்தமில்லை. மேட்டில் நின்றிருந்த உருவங்கள் அசையாமல் நிற்பதுகூட இங்கிருந்து தெரிந்தது. பதில் வராவிட்டால் இனி எந்த முகத்தோடு அந்தக் கல்யாண வீட்டை நினைப்பது?

குரல் வந்தது. அதே நிதானமான மருந்துக்கடைக் குரல். "உங்கள் அழைப்பு கிடைத்தது. தெளிவு மூன்று, வலு ஒன்று."

பேக்கரிக்காரர் எழுந்தே விட்டார். "மூணு ஒண்ணா? ஏரிக்கு அந்தாண்ட இருந்துகிட்டு மூணு ஒண்ணா? கையை ஆட்டினா தெரியுற தூரம் சார் இது! வேணும்னே அசிங்கப்படுத்துறாரு!"

லிஃப்ட்காரருக்கும் முகம் சிவந்தது. "ஐந்து, ஒன்பது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லி மைக்கை வைத்தார். ஆனால் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த மனுஷன் கோபத்துக்காக ஒரு எண்ணைக் குறைப்பாரா? சீட்டு இல்லாமல் மாமியாருக்கே மாத்திரை கொடுக்காதவர், கட்டிய மனைவியின் சமையலுக்கு மார்க் கூட்டிப் போடாதவர். அவர் மூன்று ஒன்று என்றால் அது மூன்று ஒன்றுதான். எதிர்க்கரைக்கே ஒன்று என்றால், இவ்வளவு நேரம் கத்திய கத்தல் எல்லாம் எங்கே போனது?

"அந்த டப்பா சுடுதுன்னு சொன்னியே" என்றார் மனைவியிடம்.

குனிந்து தொட்டார். கை சுட்டது. வானொலியைச் சோதித்துப் பார்க்கும்போது அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் சக்தியை எல்லாம் விழுங்கிக்கொள்ளும் டப்பா அது. டம்மி லோடு என்பார்கள். விழுங்கியது போக ஏதோ கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஆன்டெனாவா, டப்பாவா என்று மாற்றிவிட ஒரு ஸ்விட்ச் உண்டு. போன வாரம் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டவர் இவரேதான். அதைத் திருகும் குமிழைத் தலைகீழாக மாட்டியிருந்தார். குமிழின் கோடு ஆன்டெனாவைக் காட்டியது, உள்ளே இணைப்பு டப்பாவுக்குப் போனது. காலையிலிருந்து அவர் உலகத்தைக் கூப்பிடவில்லை, ஒரு டப்பாவைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். முள் அசையாததற்கும் அதுதான் காரணம். அந்த டப்பா எதையுமே திருப்பி அனுப்பாது.

ஊரிலுள்ள உதவி மெக்கானிக்குகளுக்கெல்லாம் 'மாட்டினதை ரெண்டு தடவை பாரு' என்று பாடம் நடத்துபவர் அவர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் வந்தது சிரிப்பு.

குமிழைத் திருப்பினார். கூட்டமான கல்யாண மண்டபத்தின் கதவைத் திறந்தது போல உலகம் அப்படியே காதுக்குள் வந்து கொட்டியது. பேக்கரிக்காரர் கோபத்தை மறந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்களுக்கு வேலை வந்தது.

"முதல் வரியில அஞ்சு ஒன்பதுன்னே இருக்கு. கணினியே போட்டுக்குது. அப்படியே விட்டுடட்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வேண்டாம்மா. மூணு ஒண்ணுன்னு மாத்துங்க" என்றார் லிஃப்ட்காரர். "அந்த நம்பர்தான் நம்மளைக் காப்பாத்துச்சு."

அரை நாள் வீணாய்ப் போனதால் பரிசுக்கெல்லாம் வழியில்லை. சாயங்காலம் போட்டி முடிந்ததும் அவர் யாரிடமும் சொல்லாமல் ஏரியைச் சுற்றி நடந்தார். மனைவி பார்த்தும் பாராதது போல ஃபிளாஸ்க்கை மூடினாள்.

மேட்டில் சகலை கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தாள். இன்னொரு கயிறு ஆளில்லாமல் காற்றில் ஆடியது. லிஃப்ட்காரர் அதைப் பிடித்தார். கம்பம் நேராக, நிதானமாக இறங்கியது.

"டம்மி லோடா?" என்றார் சகலை.

"குமிழைத் திருப்பி மாட்டிட்டேன்."

"காலையிலேருந்தே உங்க குரல் கேட்டுட்டுதான் இருந்தது அண்ணே. நீங்க என்னைக் கூப்பிட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"

"சரி, கூப்பிட்டேன்ல. அதுக்கு மூணு ஒண்ணா சொல்லுவ?"

சகலை கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். "மூணு இல்ல அண்ணே. ரெண்டுதான். நீங்கங்கிறதால ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷன் தன் ஆயுளில் யாருக்கும் கூட்டிக் கொடுக்காத ஒன்று அது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளிடம் கேட்டார்: "உன் கல்யாணத்துக்கு மைக் யாரும்மா?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லலை பெரியப்பா. அப்பா சொல்ல விடலை."

"நீங்கதான் அண்ணே வரணும்" என்றார் சகலை, தரையைப் பார்த்தபடி.

"வரேன்டா. ஆனா முன்னாடியே கேட்டுக்கறேன். அங்கயாவது சுவர்க் கரண்டுல செருகலாமா?"

சகலை நிஜமாகவே யோசித்தார்.

"மண்டபத்துல கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே."