கணுக்காலில் பச்சை விளக்கு

லகாட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அவர் எப்போதும் பிளக் இருக்கும் மேசையில்தான் உட்காருவார். படிய வாரிய நரைமுடியும் வெள்ளைச் சட்டையுமாக, பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ வந்ததும் கால்சட்டையைச் சுருட்டி, கணுக்காலில் கட்டியிருக்கும் கண்காணிப்புக் கருவிக்கு சார்ஜ் போடுவார். மீதித் தண்டனைக்குச் சிறையில் வைக்காமல் அந்தக் கருவியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்தாலோ, ஏழு மணிக்குள் வீடு போகாவிட்டாலோ திரும்ப உள்ளேதான்.

பாவம் என்று நாங்களே காவல் காத்தோம். கடைக்கார அக்கா கருவியின் விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்ப்பார். நான் மணி பார்ப்பேன்.

"அண்ணே, ஆறரை ஆச்சு!"

"ஜெயில்ல ரெண்டு வார்டர்தான். இங்க கடை பூரா வார்டர் லா" என்று சிரித்தபடி எழுந்து போவார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாள் மாலை நுழைந்ததுமே பிடித்துக்கொண்டேன்.

"நேத்து எங்கண்ணே போனீங்க, யாருகிட்டயும் சொல்லாம?"

"லூமுட்டுக்கு. கடல் பாக்க."

"ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

அவர் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். வெறும் கணுக்கால்.

"எனக்குக் கழட்டிட்டாங்க. உங்களுக்குத்தான் இன்னும் கழட்டல."

சொல்லிவிட்டு நிதானமாக ஒரு தே கேட்டார். மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.